'ஆயிரம் வேர்' கதையும் சேனைத் தேனும்

குழந்தை மருத்துவரிடம் பழமொழி பேசாமல் போகிறவர்கள் குறைவு. "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று கிண்டலாக ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவர்களே திருத்திக்கொள்வார்கள்: "அது 'ஆயிரம் வேரை' டாக்டர், மூலிகை வேரைச் சொன்னது, நாளடைவில் பேராகிவிட்டது." வேரைப் பிடுங்குவோம், தோண்டுவோம், இடிப்போம். கொல்வோமா? அந்த இடறல் தெரிந்துதான் சிலர் 'வேரைக் கண்டவன்' என்று அடுத்த சொல்லையும் மாற்றிவிடுகிறார்கள். வைத்தியரைக் கேலி செய்யும் பழமொழி, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேலி பிடித்தே இருக்கிறது.

பழமொழிக்குக் கதை கட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. மெட்டி கர்ப்பப்பை நரம்பை அழுத்துகிறது என்ற கதையும் அப்படித்தான். கால்விரலிலிருந்து கர்ப்பப்பைக்கு நேராக ஓடும் நரம்பு கிடையாது. சில சமூகங்களில் மாப்பிள்ளைக்கும் மெட்டி போடுகிறார்களே, அவருக்கு எதை அழுத்துகிறதாம்? சரி, அழகாக இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைக்குழந்தையின் வாய்க்குள் போகிற பொருளுக்குக் கதை கட்டும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு நாள் பிரசவ வார்டில், பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத குழந்தை. பாட்டி கையில் சின்னக் கிண்ணம், அதில் தேன், தேனில் ஒரு தங்க மோதிரம். சேனை தொட, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தடவ, ஏற்பாடு. "குடும்பத்திலேயே பொறுமைசாலி இவங்க தாத்தாதான் டாக்டரம்மா. அவர் கையால தொட்டு வச்சா அந்தக் குணம் வரும்." பக்கத்தில் நின்ற பேரன் கைப்பேசியை நீட்டினான். சேனைதான் அந்தக் காலத்துத் தடுப்பூசி என்று நீளமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று முடிந்திருந்தது.

அல்லதான். ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயதுக்குள்ளான குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். முதலில் மலச்சிக்கல், பிறகு சப்பிக் குடிக்க வலுவில்லாமல், அழுகை சன்னமாகி, தலை துவண்டுவிடும். மூச்சுத் தசைகளும் தளரலாம். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் வென்டிலேட்டர் வரை போகும். இது தனி நோய் என்று மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1976-இல். அதற்கு முன் சேனை வைத்த பாட்டிகளை எப்படிக் குறை சொல்வது? அதே நியாயப்படி, அவர்களுக்கே தெரியாத ஒரு விஞ்ஞானத்தை அவர்கள் தலையில் ஏற்றவும் கூடாது.

தேன் வேண்டாம் என்றால் சர்க்கரைத் தண்ணீர் என்பார்கள். சிசேரியன் ஆன வீடுகளில் இது அதிகம். தாய் மயக்கம் தெளிந்து வரும்வரை குழந்தை பசியில் வாடுமே என்ற கவலை. முதல் நாள் குழந்தைக்கு ஒரு தடவைக்குச் சில மில்லி சீம்பால் போதும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பிவிட்டால் குழந்தை மார்பில் சப்பாது. சப்பாவிட்டால் பால் சுரப்பும் தாமதமாகும். தண்ணீரோடும் விரலோடும் கிருமி போவது தனிக் கதை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

வழக்கம் எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டு என்று வெளியாட்களைத் தள்ளி வைத்தது எந்தக் காரணத்துக்காகவோ இருக்கட்டும். இருமிக்கொண்டே குழந்தையைக் கொஞ்ச வருகிறவர்களைப் பார்க்கும்போது அந்தத் தீட்டு திரும்ப வரக்கூடாதா என்று நினைப்பேன்.

அன்று பாட்டியிடம், "தாத்தாவே முதலில் மடியில் வாங்கிக்கொள்ளட்டும், குணம் அப்படியும் வரும்" என்றேன். பாட்டிக்கு அரை மனம்தான். கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதினான்காம் வார ஊசிக்கு வந்தபோது கேட்டார்: "ஒரு வயசு முடிஞ்சதும் தேன் கொடுக்கலாம்னீங்களே, பிறந்தநாள் அன்னைக்கேவா, மறுநாளா?"