துர்சுன் என்றால் ‘தங்கட்டும்’

சில வருடங்களுக்கு முன்னால், உஸ்பெகிஸ்தானிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்காக வந்திருந்தது. நான் பச்சிளங்குழந்தை மருத்துவர். கேஸ் ஷீட்டில் தந்தையின் பெயர் துர்சுன். குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். எல்லோரும் சொல்லும் பதில்தான். அப்புறம் பேச்சுவாக்கில், துர்சுன் என்றால் என்ன அர்த்தம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தேன். “நிற்கட்டும், இருக்கட்டும் என்கிற மாதிரி” என்றார். பேச்சு எதைப் பற்றி என்று புரிந்துகொண்ட பாட்டி மூன்று விரல்களைக் காட்டினார். துர்சுனுக்கு முன் பிறந்தவை மூன்று. ஒன்றுகூடப் பத்து நாள் தாண்டவில்லை.

‘துர்’ என்பது நில், இரு, தங்கு என்று பொருள்படும் பழைய துருக்கிய வினை. ‘சுன்’ நம் ‘அட்டும்’ போன்ற விகுதி. ஆக, பெயரே ஒரு முழு வாக்கியம்: தங்கட்டும். உஸ்பெக், உய்குர் மக்களிடம் துர்சுன், கசாக்கியரிடம் துர்சின். துருக்கியிலும் அஸர்பைஜானிலும் முதல் ஒலி மெலிந்து, ‘பந்து’வில் வரும் ‘து’ போல ஆகிவிடும். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. துருக்கியின் கருங்கடல் பக்கத்து ஜோக்குகளில் தெமெல் என்பவனுக்குக் கூட்டாளியாக வருகிறவன் பெயரும் துர்சுன்தான். துக்கத்தில் பிறந்த பெயர், சிரிப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதே வேண்டுதல் வேறு வினைகளிலும் வரும். துருக்கியில் யஷார் என்றால் ‘வாழ்வான்’. 1991இல் விண்வெளிக்குப் போன கசாக்கியர் தொக்தர் ஔபகிரோவின் பெயரில் இருப்பது ‘நின்றுவிடு’ என்னும் வினை. கிர்கிஸ்தானின் 100 சோம் பண நோட்டில் இருக்கும் பாடகர் தொக்தோகுல் சத்தில்கானோவின் (1864–1933) பெயரிலும் அதே வினை. கூடவே சத்தில்கான், அதாவது ‘விற்கப்பட்டவன்’. பிள்ளையை அடுத்த வீட்டுக்கு விற்பதுபோல் விற்று, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ‘இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை’ என்று சாவை ஏமாற்றுவதாக நம்பிக்கை.

நம் ஊரில் தவிட்டுக்கு விற்று வாங்கியதும், குப்பையில் கிடத்தி எடுத்து குப்புசாமி என்று வைத்ததும், பிச்சை என்று கூப்பிட்டதும் இதே கதைதான். நாமும் குழந்தை ‘தங்கவில்லை’ என்றுதானே சொல்கிறோம்.

சரி, அந்தக் குழந்தையின் இதயக் கோளாறுக்கும் அந்த மூன்று மரணங்களுக்கும் சம்பந்தம் இருந்ததா? இருந்ததாகத் தெரியவில்லை. பெயரை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. தாத்தா பெயர் என்பதற்காக வைத்திருப்பார்கள், பிடித்திருக்கிறது என்றும் வைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு ‘பரம்பரை நோய் உண்டா’ என்ற கேள்வியை நான் நம்புவதில்லை. மூன்றாம் நாள் இறந்த குழந்தையை யாரும் நோயாளி என்று கணக்கில் வைப்பதில்லை. “பிறந்து தங்காமல் போனது எத்தனை?” என்று கேட்டால்தான் பதில் வருகிறது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகப் பிறந்து, பால் குடித்து, இரண்டு மூன்று நாளில் துவண்டு போகும் குழந்தைக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு, அதாவது உணவை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறு, இருக்கலாம். பெரும்பாலும் தாய் தந்தை இருவருமே அந்த மரபணுவைச் சுமக்கிறவர்களாக இருப்பார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் தாயின் உடல் அந்த ரத்தத்துக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடலாம்; முதல் குழந்தை தப்பித்து, அடுத்தடுத்தவை பாதிக்கப்படலாம். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு, அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பது அதனால்தான்.

ஒரு குழந்தையாவது காரணம் தெரியாமல் முதல் மாதத்திலேயே போயிருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள் எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.