தீயணைப்பு வண்டி செய்பவர்களே, இறுகாத ரெசினைத் தொடாதீர்கள்

சென்ற வாரம் பதினோரு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். இரண்டு கண்ணிமைகளும் சிவந்து வீங்கி, மேல்தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பூந்தூள் ஒவ்வாமை என்று முடிவு செய்து அவனுடைய அம்மா மூன்று வாரங்களாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். கடையில் கிடைத்த மாத்திரையையும் கொடுத்திருக்கிறார். எனக்கோ பையனின் கண்ணைவிட, அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் வலது கை மீதுதான் பார்வை போயிற்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளிலும் தோல் காய்ந்து, மினுமினுத்து, கோடு கோடாக வெடித்திருந்தது. "தம்பி, முதலில் உங்கள் கையைக் காட்டுங்கள். வீட்டில் 3டி பிரிண்டர் இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது டாக்டர், ஆனால் தண்ணீரில் கழுவும் ரெசின்தான் வாங்குகிறேன், அதில் ஒன்றும் இல்லை" என்றார். (ரெசின் என்பது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவம்; இந்த வகை பிரிண்டர் அதை இறுக வைத்துத்தான் பாகங்களைச் செய்கிறது.) இந்த ஆண்டில் இதே விடையை இதே சொற்களில் நான் கேட்பது இது மூன்றாவது முறை. மூவரும் செய்வது தீயணைப்பு வண்டி மாதிரிகள்.

நான் நியூ ஜெர்சியில் தோல் மருத்துவராக இருக்கிறேன். தன்னார்வத் தீயணைப்புப் படைகள் ஊருக்கு ஊர் இருக்கும் பகுதி இது. ஆகவே தம் ஊர் வண்டியை, அதன் எண்ணோடும் பொன்னிறக் கோடுகளோடும், கைக்கு அடக்கமான அளவில் செய்து அலமாரியில் வைக்க விரும்புகிறவர்கள் இங்கே அதிகம். அப்படியே அச்சு அசலாக எந்தக் கம்பெனியும் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) போட்டு விற்பதில்லை. ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட 1/25 அளவிலான அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் பம்பர் (தண்ணீர் இறைக்கும் தீயணைப்பு வண்டி) கிட்டிலிருந்து கேபினை எடுப்பார்கள். வேறொரு லாரி கிட்டிலிருந்து அடிச்சட்டமும் சக்கரமும் வரும். பின்னுடலை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி எழுப்புவார்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஷூ லேஸை மடித்து அடுக்குவார்கள். பல கிட்டுகளை உடைத்து ஒன்றாக்கும் இந்த வேலைக்குத்தான் கிட்பாஷிங் என்று பெயர். (தயாரித்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் மாற்றப்பட்ட வண்டியைச் சேகரிப்பாளர்கள் 'கோட் 3' என்று வகைப்படுத்துவார்கள் என்பதை என் நோயாளி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.) பல ஆண்டுகள் இந்த வேலையில் தோல் மருத்துவருக்குப் பெரிதாக இடம் இருக்கவில்லை, கத்தி வெட்டும் சூப்பர் குளூவும்தான் வரும். ரெசின் பிரிண்டர் மலிவான பிறகு, சுருள் கதவு, பம்ப் பலகையின் அழுத்தமானி முகங்கள், ஏணித் தாங்கி, சைரன் என எல்லாவற்றையும் வீட்டிலேயே அச்சிடுகிறார்கள். விரல் வெடிப்பும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தப் பையனின் அப்பா வண்டியையும் ஒரு ஷூ பெட்டியில் கொண்டு வந்திருந்தார். சிவப்பு, அழகாகத்தான் இருந்தது. கேபின் கூரை மீதிருந்த விளக்குப் பட்டையை மட்டும் கையுறை போட்டுத் தொட்டேன், லேசாகப் பிசுபிசுத்தது. ஒளி ஊடுருவும் ரெசினில் சிவப்பும் நீலமும் கலந்து அச்சிட்டது. ஏன் முழுதாக இறுக வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "அதிக நேரம் புற ஊதா விளக்கில் வைத்தால் மஞ்சளாகிவிடும் டாக்டர்" என்றார். அது உண்மைதான், கண்ணாடி போன்ற ரெசின் அளவுக்கு மேல் ஒளி பட்டால் பழுப்பேறும். அதற்குப் பயந்து எல்லோரும் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். ரெசினின் முக்கியச் சேர்மமான அக்ரிலேட் இறுகாமல் அந்தப் பளபளப்பான மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. பையன் வண்டியை உருட்டி விளையாடிவிட்டுக் கண்ணைக் கசக்குகிறான். உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது என்பதால் முதலில் அங்கே தெரிகிறது. பிரிண்டர் இருந்த இடமோ அவன் படுக்கும் அறையின் மூலை.

முதலில் வந்தவர் கதை இன்னும் வருத்தமானது. அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர். நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் தயாரான, தான் இளம் வயதில் ஓட்டிய லாஃப்ரான்ஸ் வண்டியைச் செய்துகொண்டிருந்தார். விரல் வெடிப்பை அவர் பொருட்படுத்தவே இல்லை. குழாய் பிடித்த கைதானே என்று விட்டுவிட்டார். அவர் என்னிடம் வந்தது மேல் கைக்காக. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் உணரியை ஒட்டிய இடத்தில், உணரியின் வட்டத்தை அப்படியே வரைந்தாற்போல், நீர் கோத்த சிவப்புத் தடிப்பு. ஒட்டுச் சோதனையில் (சந்தேகப் பொருள்களைச் சிறிதளவு தோலில் ஒட்டிப் பார்ப்பது) ஐசோபோர்னைல் அக்ரிலேட்டுக்குப் பளிச்சென்று எதிர்வினை வந்தது. இந்தப் பொருள் சில வகைச் சர்க்கரை உணரிகளில் இருந்து பலருக்கும் ஒவ்வாமை தந்ததால், அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதை 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அக்ரிலேட் குடும்பத்தையே 2012இல் அறிவித்திருந்தது. ரெசினை நீர்க்கச் செய்வதற்கும் இதையே பரவலாகச் சேர்க்கிறார்கள். அவருக்கு ஒவ்வாமையை முதலில் உண்டாக்கியது எது, ரெசினா உணரியா, என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இனி அவர் எந்த உணரியை ஒட்டுவதென்றாலும் பசையில் என்ன இருக்கிறது என்று விசாரித்துத்தான் ஒட்ட வேண்டும். பல் அடைப்புக்கும், மூட்டு மாற்றுச் சிகிச்சையில் எலும்புச் சிமெண்டுக்கும் இந்தக் குடும்பத்துப் பொருள்களே பயன்படுகின்றன என்பதையும் அவருடைய கோப்பில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தத் 'தண்ணீரில் கழுவும்' விவகாரத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படியுங்கள். புட்டியின் மேல் இருக்கும் அந்தச் சொல், அச்சிட்ட பாகத்தின் மீது ஒட்டியிருக்கும் மிச்ச ரெசினை ஆல்கஹாலுக்குப் பதிலாகத் தண்ணீரால் அலசலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. அது கழுவும் முறையைப் பற்றிய சொல், உங்கள் தோலைப் பற்றிய சொல் அல்ல. உள்ளே இருப்பது அதே அக்ரிலேட், அதே மெத்தாக்ரிலேட், ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கி வைக்கும் அதே ஒளித் தூண்டிதான். தண்ணீரோடு கலக்கும்படி மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பொருள் தண்ணீரில் கரைகிறது என்பதால் அது கேடற்றது ஆகிவிடாது. மயில்துத்தமும் தண்ணீரில் நன்றாகவே கரையும். இன்னும் சொன்னால், தண்ணீர்தானே என்ற துணிச்சலில்தான் மக்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, சமையலறைத் தொட்டியில், சாதம் வடிக்கும் வடிகட்டியில் பாகங்களைப் போட்டு அலசுகிறார்கள். ஆல்கஹால் ரெசின் வாங்கியவராவது அதன் நெடிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கிறார். 'சோயா எண்ணெயில் செய்தது', 'நாற்றம் குறைந்தது' என்ற புட்டிகளுக்கும் இதே கதைதான்: சோயா எண்ணெயையும் அக்ரிலேட்டாக மாற்றிய பிறகே ரெசினில் சேர்க்கிறார்கள், நாற்றம் குறைந்தால் உங்கள் மூக்கு எச்சரிப்பதும் குறைகிறது. புட்டியின் முன்பக்கத்தை விற்பனைப் பிரிவு எழுதுகிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'தோல் ஒவ்வாமை உண்டாக்கலாம்' என்று இருப்பதையும், அதன் அருகே ஆச்சரியக்குறி போட்ட சாய்சதுரம் இருப்பதையும் படியுங்கள். மூவரில் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளி ஊடுருவும் பாத்திரத்தில் வெயிலில் வைத்து, கலங்கல் இறுகிப் படிந்த பிறகு வடிகட்டி, எஞ்சியதை உங்கள் கவுன்டியின் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். ஆல்கஹாலில் கழுவுகிறவர்கள் அதை மூடியில்லாமல் வெயிலில் வைக்காதீர்கள். அசல் தீயணைப்பு வண்டி வீட்டு வாசலுக்கு வர வேண்டிய தேவை இல்லை.

"இரண்டு வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த வாதம். ஒவ்வாமை அப்படித்தான் வரும். இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் தொடங்கும், தொடங்கினால் வாழ்நாள் முழுக்க இருக்கும், குறைந்த அளவுக்கும் எரியும். தொட்டதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால் யாரும் ரெசினைச் சந்தேகிப்பதும் இல்லை. நேற்று மாற்றிய சோப்பைத்தான் சந்தேகிப்பார்கள். ஒரு காலத்தில் இந்த விரல் நுனிகளைப் பல் தொழில்நுட்பர்களிடம் பார்த்தோம், பிறகு ஜெல் நகப்பூச்சுப் போடுகிறவர்களிடம் பார்த்தோம், இப்போது பொழுதுபோக்குக்காகப் பொம்மை வண்டி செய்கிறவர்களிடம் பார்க்கிறோம்.

மூன்றாமவர், 1/64 அளவில் பாகங்கள் அச்சிட்டு விற்கும் இளைஞர், செய்ததை மட்டும் யாரும் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தனக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு ரெசினை முன்கையில் விட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டி, இரவு முழுக்க வைத்திருக்கிறார். நாங்கள் சோதனைக்குப் பயன்படுத்துவது பெட்ரோலாட்டத்தில் (வாசலின் போன்ற களிம்பு) மிகக் குறைந்த விகிதத்தில் கலந்த, எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் குளிரில் பாதுகாத்து, ஒட்டும் நேரத்தில் மட்டும் எடுத்து வைக்கும் பொருள். நீர்க்காத ரெசினை ஒட்டினால் சோதனை நடக்காது. இல்லாத ஒவ்வாமை உண்டாகும். அவருக்குத் தோல் வெந்த வடு ஒன்றும் மிஞ்சியிருக்கிறது.

கையுறை போட்டேன் என்பவர்களுக்கு: மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சிறு அக்ரிலேட் மூலக்கூறுகள் சில நிமிடங்களில் கடந்துவிடும், ஆல்கஹாலில் நனைந்தால் இன்னும் விரைவாக. லேடெக்ஸ் அதைவிட மோசம். கையுறை தெறிப்புக்குத்தான் காவல், ஊற வைப்பதற்கு அல்ல. இரண்டு போடுங்கள், ரெசின் பட்டவுடன் வெளிக் கையுறையை மாற்றுங்கள், அதே கையுறையோடு போனைத் தொடாதீர்கள், பிரிண்டர் மூடியைத் தொட்ட கையால் கதவைத் திறக்காதீர்கள், ஒருமுறை போட்டதை அலசி உலர்த்தி மறுபடி போடும் சிக்கனத்தை வேறு எதிலாவது காட்டுங்கள். தோலில் பட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம். அது ரெசினைக் கரைத்து இன்னும் பரவலாகத் தேய்த்துவிடும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். ரெசின் பட்ட கையோடு வெயிலில் போய் நிற்கவும் வேண்டாம். தோல் மீதே இறுகும்போது சூடேறும்.

பாகத்தை நன்றாகக் கழுவி, முழுதாக உலர்த்தி, பிறகுதான் இறுக வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி போன்ற உள்ளீடற்ற பாகங்களுக்கு வடிகால் துளை வையுங்கள். உள்ளே தேங்கிய ரெசின் மாதக்கணக்கில் அப்படியே இருந்து, பெயின்டைப் பிளந்துகொண்டு வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிசுபிசுப்பு போகவில்லை என்றால் பாகத்தைக் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீருக்குள் மூழ்க வைத்து ஒளி காட்டுங்கள். காற்று படாமல் இருந்தால் மேற்பரப்பு நன்றாக இறுகும். இறுகிய பிறகு தேய்ப்பதையும் ஈரத் தாளால் தேயுங்கள். விளக்குப் பட்டைக்கு என் யோசனை, ரெசினையே விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கம்பியை அளவாக வெட்டி ஒளி ஊடுருவும் சிவப்பு, நீல வண்ணம் பூசுவது. அதுவும் அக்ரிலிக்தானே என்று கேட்பீர்கள். ஆலையில் முழுதாக இறுகி வந்தது, அதோடு எனக்குச் சண்டை இல்லை.

பிரிண்டர் படுக்கையறையில் இருக்கக் கூடாது, குழந்தை இருக்கும் அறையில் கூடவே கூடாது. கரித்தூள் போட்ட குட்டி வடிகட்டியை நம்பாதீர்கள், காற்று வெளியே போக வழி வேண்டும். குழந்தைக்குக் கத்தரித்து ஒட்டவும், ஸ்டிக்கர் வைக்கவும், ஷூ லேஸை மடிக்கவும் கொடுங்கள். ரெசின் புட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

தீயணைப்பு வண்டிச் சிவப்புக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்று கார் பெயின்ட் கடையின் 2கே கிளியரை (இறுக்கியோடு கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிப்பவர்களும் உண்டு. அதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமா தரும், மருந்துக்கடை முகக்கவசம் அதற்குத் துணி போர்த்திய மாதிரிதான். ஒற்றைக் கலவை கிளியரை மெல்லிய பூச்சுகளாக அடித்து மெருகேற்றுங்கள். குரோம் பாகங்களின் மேல்பூச்சை நீக்க ப்ளீச்சில் ஊற வைக்கும்போது அதோடு அமிலக் கழுவிகள் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டையும் பற்றி நுரையீரல் மருத்துவர் யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

விரல் நுனி வெடித்து, மரத்துப்போய், நகம் சதையிலிருந்து எழும்பத் தொடங்கியிருந்தால் தைலமும் எண்ணெயும் தேடாமல் வாருங்கள். வரும்போது ரெசின் புட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, கம்பெனி தரும் பாதுகாப்புத் தகவல் தாளை இறக்கிக் கொண்டு வாருங்கள். புட்டியையே பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் ஊற்றிவிட வேண்டாம், ஒருவர் அதையும் செய்துவிட்டார். ஒட்டுச் சோதனையை முதுகில் வைப்போம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவக் கூடாது; மாத்திரையாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லுங்கள். திங்களன்று ஒட்டினால் புதனன்று எடுத்துப் பார்ப்போம், வெள்ளியன்று மறுபடி பார்ப்போம், அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. பையனுக்கு அடுத்த திங்கள். விளக்குப் பட்டையை நீக்கிய வண்டி அதுவரை மூடிய பிளாஸ்டிக் பையில், கார் ஷெட்டில் இருக்கும் என்று அவனுடைய அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.