தருமதிப்பு

மட்டக்களப்பில் கணினி படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஆர்கியுமென்ட் என்பதற்கு நேரே 'வாதம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு செய்நிரல் இன்னொன்றை ஏவும்போது கூடவே கொடுத்தனுப்புவதற்குத்தான் அந்தப் பெயர். அங்கே யாரும் வாதாடுவதில்லை. வேரான இலத்தீன் ஆர்குயேரே, தெளிவாக்குதல். வானியல் அட்டவணையில் எந்த எண்ணை வைத்து விடை தேடுகிறோமோ அந்த எண்ணை, கணினிக்கு வெகுகாலம் முன்பே இப்படி அழைத்தார்கள். நிரலாக்கத்துக்கு வந்தது அந்தப் பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூல் 'செயலுருபு' என்கிறது. எனக்கு ஒட்டவில்லை. 'கத்தியால்' என்பதில் 'ஆல்' உருபு; நாம் கொடுப்பதோ கத்தியை. 'தருமதிப்பு' பொருந்தும். தந்த, தருகின்ற, தரும் மதிப்பு: வினைத்தொகை. வினைத்தொகையைப் பிரித்தெழுதக் கூடாதென்று பள்ளியில் படித்தோமே, தருமதிப்புக்கும் அதே விதிதான்.

கல்லடிப் பாலத்தின் பழைய படங்களை 'கல்லடி' என்ற கோப்புறையில் சேர்த்திருந்தேன். பக்கத்தில் 'கல்லடி பாலம்' என்று தேவையற்ற இன்னொரு கோப்புறை. அதை நீக்க, 'ஆர்எம் -ஆர்' கட்டளையோடு பெயரை ஒட்டி ஒரே வரியாக்கி ஏவினேன். வரியை வாசித்தது ஷெல், நாம் இடும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல். (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் போர்க்காலத்தை நினைவூட்டும். கணினியில் இது 'ஓடு'. 1960களில் லூயி பூசான் இட்ட பெயர்.) ஷெல்லுக்கு இடைவெளி வந்தால் ஒரு மதிப்பு முடிந்தது. 'கல்லடி' ஒன்று, 'பாலம்' வேறொன்று. படங்கள் அத்தனையும் போயின. நீக்க நினைத்தது அப்படியே இருந்தது.

எனக்கு நேர்ந்தது தற்செயல். ஒருவர் வேண்டுமென்றே பெயருக்குள் ஓர் அரைப்புள்ளியும் அதன்பின் வேறொரு கட்டளையும் எழுதி அனுப்பினால், ஷெல் அதையும் நிறைவேற்றும். ஆகவே பைதான் நிரலாக்க மொழியில் பிற நிரல்களை ஏவ உதவும் சப்பிராசஸுக்கு வரியாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள்; ஷெல்லை இடையில் கொண்டுவரும் 'ஷெல்=ட்ரூ' வேண்டாம். லினக்ஸில் பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும், கடையில் கட்டித் தரும் சரை போல, அவிழாமல் மறுபக்கம் சேரும். இடைவெளி, அரைப்புள்ளி, உடுக்குறி (*) எல்லாம் அங்கே வெறும் எழுத்துகள்.

பெயர் '-' குறியில் தொடங்கினால் மட்டும் சரை அவிழாமலே சிக்கல் வரும்: பெறும் நிரல் அதை, '-ஆர்' போன்ற தன் தெரிவு என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் தனியாக '--' ஒன்றை வையுங்கள். ஆர்எம் போன்ற பெரும்பாலான கட்டளைகள், அதற்குப் பின் வருவதைப் பெயராகவே கொள்ளும்.