மோட்டார் சத்தம் திமிங்கலத்துக்கு ஏன் கேட்பதில்லை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவில் தோட்ட வேலை முடித்து, விடுமுறையில் படகெடுத்துப் பூலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் தூண்டில் போடப் போகும் வாசகர் ஒருவரின் கேள்வி: "திமிங்கலத்துக்குக் காது ரொம்பக் கூர்மைன்னு சொல்றீங்க. அப்ப மோட்டார் சத்தம் கேட்டு அதுவே விலகிப் போயிடாதா? நாம எதுக்கு 100 மீட்டர் தள்ளி நிக்கணும்?"

மலாக்கா நீரிணையில் கண்ணில் படுவது பெரும்பாலும் டால்பின்தான். ஆனாலும் பிரைட் திமிங்கலம் மலேசியக் கடலில் தென்படுவதுண்டு. வாசகர் சொல்வதுபோல் அதற்குக் காது கூர்மை, ஒலியும் கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. சிக்கல் நீர்மட்டத்தில், அதாவது கடலின் மேற்பரப்பில் இருக்கிறது.

கீழிருந்து மேலே போகும் ஒலிக்கு நீர்மட்டம் ஒரு கண்ணாடி. ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும், ஆனால் தலைகீழாக: அழுத்தம் கூடிய அலை குறைந்த அலையாகத் திரும்பும். ஆகவே திமிங்கலத்தின் காதுக்கு இரண்டு ஒலிகள் வருகின்றன. ஒன்று படகு மோட்டாரின் விசிறியிலிருந்து நேராக, மற்றொன்று மேலே பட்டுத் தலைகீழாகி. விசிறி அரை மீட்டர் ஆழத்தில், திமிங்கலம் ஒரு மீட்டர் ஆழத்தில், இடையே 50 மீட்டர் என்று வையுங்கள். இரு பாதைகளின் நீள வேறுபாடு வெறும் 2 சென்டிமீட்டர். 300 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளமோ 5 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சும் அழுத்தம் நாற்பதில் ஒரு பங்கு. அதே திமிங்கலம் 20 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 15 மடங்குக்கு மேல் உரக்கக் கேட்கும். இதற்கு லாயிட் கண்ணாடி விளைவு என்று பெயர். மூச்சுவிட மேலே வரும்போது, அதாவது நம் படகு மோதக்கூடிய அந்த இடத்தில்தான், அதன் காதுக்கு நாம் மங்கிப்போகிறோம்! அலையடிக்கும் கடலில் கணக்கு கொஞ்சம் மாறும், விசிறிக் குமிழிகளின் உச்சஸ்தாயிச் சீறலும் ஓரளவு தப்பி வரும். ஆனால் பிரைட் திமிங்கலம் நம்பியிருப்பது அடித்தொண்டை ஒலிகளைத்தான். நீரிணையில் ஒலிவாங்கிகளை இறக்கி இந்தச் சத்தத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றை வாசலில் வைத்திருக்கிறோம்.

எனவே விலக வேண்டியது நாம்தான். ஆஸ்திரேலிய விதி நல்ல அளவுகோல்: 300 மீட்டருக்குள் வந்தால் வேகம் 6 நாட்டுக்கு (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே, படகின் பின்னால் அலை எழாதபடி, 100 மீட்டருக்குள் போகவே கூடாது, குட்டி இருந்தால் 300 மீட்டரிலேயே நிற்க வேண்டும். 25 நாட்டில் வரும் படகு 100 மீட்டரை எட்டு நொடிக்குள் கடந்துவிடும். பெரிய கப்பல்களைப் பற்றிய 2007 ஆய்வு ஒன்றின்படி, 15 நாட்டில் மோதினால் திமிங்கலம் சாகும் வாய்ப்பு 79 விழுக்காடு, 8.6 நாட்டில் 21.

முன்னாலிருந்து மறிக்காதீர்கள், பின்னாலிருந்து துரத்தாதீர்கள்; பக்கவாட்டில் இணையாகப் போங்கள். எண்ணெய் படிந்ததுபோல் வழுவழுப்பான வட்டம் நீரில் தெரிந்தால் அது வால் வீச்சின் தடம். ஆள் கீழேதான் இருக்கிறார், பல நிமிடம் கழித்து எங்கே எழுவார் என்று சொல்ல முடியாது. தானாக நெருங்கி வந்தால் நியூட்ரலில் போட்டு, தூண்டில் நரம்புகளைச் சுருட்டிவிடுங்கள். ரிவர்ஸ் வேண்டாம். கடல் சாமி, ஒன்றும் செய்யாது என்பவர்கள் தாராளமாகக் கும்பிடலாம், நியூட்ரலில் போட்ட பிறகு.

கயிறு சுற்றிய திமிங்கலத்தைக் கண்டால் நீரில் குதிக்காதீர்கள். பின்னால் இழுபடும் கயிற்றையும் வெட்டாதீர்கள்; மீட்க வருபவர்களுக்குப் பிடி அதுதான். இடம், போகும் திசை, கயிற்றின் நிறம் ஆகியவற்றைக் குறித்து மீன்வளத் துறைக்கோ 999க்கோ சொல்லுங்கள். வலையில் டால்பின் சிக்கி உயிரோடிருந்தால் உடனே விட வேண்டும், செத்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1985 மீன்வளச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. விடும்போது வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடலைத் தாங்கிப் பிடித்து, மூச்சுத்துளை நீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு வலையை அறுங்கள்.