மேய்க்கால், சோலை, ஊற்று: மலை ஊராட்சிகள் கூடிக் காக்கச் சட்டம் தரும் வழிகள்

கொடைக்கானல் ஏரி 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சின் முயற்சியில் உருவானது. இன்று அது நகராட்சியின் பொறுப்பு. கரை உடைந்தாலும் குப்பை சேர்ந்தாலும் எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பது என்று ஊருக்கே தெரியும். சுற்றியுள்ள மலை ஊர்களில், பூம்பாறைக்கு மேலே ஒரு புல்வெளி, கூக்கால் பக்கம் ஒரு சோலைத் துண்டு, வில்பட்டிச் சரிவில் ஓர் ஊற்று என்று வந்தால் அப்படி இல்லை. வருவாய்த் துறை வனத்துறையைக் காட்டும், வனத்துறை ஊராட்சியைக் காட்டும், ஊராட்சி நிதி இல்லை என்று கையை விரிக்கும். அதற்குள் சீகை என்னும் அந்நிய மரம் (வாட்டில்) அரை மலையை ஏறிவிடும். இந்த மூவரையும் ஒரே வேலையில் கூட்டுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதைத் தொடங்கிவைக்கும் உரிமை கிராம சபையின் கையில் இருக்கிறது.

முதலில் நிலம் யாருடையது என்று பார்த்துவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டில் புல எண்ணைத் தேடினால் வகைப்பாடு தெரியும். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். மேய்க்கால், களம், மந்தை, தோப்பு, மயானம் போன்ற புறம்போக்குகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கே தருகிறது. அரசு தரிசு, ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் வட்டாட்சியர் வழியாகக் கலெக்டர் வரை போக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை. 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடப்பதால், எல்லைக்கு உள்ளா வெளியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாய்மொழிப் பதிலை நம்பி ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டாம்.

பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ள இடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வன வள உரிமை ஏற்கப்பட்ட காட்டைக் காத்து நிர்வகிக்கும் அதிகாரம் அந்த மக்களின் கிராம சபைக்கு உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டுப் போடும் தீர்மானம் நிற்காது, நிற்கவும் கூடாது.

காப்பதற்கான சட்டப் பெயர்கள்

நிலம் தெளிவான பிறகு அதற்கு ஒரு சட்டக் காப்பு வாங்க வேண்டும். அது இல்லாமல் வேலி போட்டால், அடுத்த தலைவர் வந்து பிரித்துவிடுவார்.

சிறிய சோலைக்கும் கோயில் காட்டுக்கும் ஏற்றது பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு இதை அறிவிக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்திலேயே காசம்பட்டியின் வீரகோயில் காடு 2025-இல் இப்படி அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஐந்து ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவு. நம்முடையது சின்ன இடம்தானே என்று தயங்குகிற ஊராட்சிகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த அறிவிப்பால் யாருடைய வருமானமாவது பாதிக்கப்பட்டால் இழப்பீட்டுக்கோ மறுவாழ்வுக்கோ திட்டம் வகுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது.

ஊருக்குப் பொதுவான நிலத்தையோ தனியார் தாமாக முன்வந்து தரும் நிலத்தையோ காக்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சமூகக் காப்பகம் என்ற பிரிவு 2002 திருத்தத்தின் வழியாக வந்தது. என் பார்வையில் மலை ஊராட்சிகளுக்கு இதைவிட வலுவான கருவி இல்லை. ஏனென்றால் இதன் நிர்வாகக் குழுவில் ஊராட்சி நியமிக்கும் பிரதிநிதிகள் ஐந்து பேருக்குக் குறையாமல் இருப்பார்கள், வனத்துறைக்கு ஒருவர். நில உரிமை கைமாறுவதில்லை. அறிவிப்பு வந்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் இந்தக் குழு தீர்மானம் போட வேண்டும், மாநில அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரிசார்ட்டுக்குப் பாதை கேட்டு வருகிறவர் இரண்டு கதவுகளைத் தட்டியாக வேண்டும். சரணாலயத்துக்குள் இருக்கும் நிலத்துக்கு இது பொருந்தாது. முழுக்க அரசு நிலமாக இருந்தால் பாதுகாப்புக் காப்பகம் என்ற தனிப் பிரிவு உண்டு. அதன் குழுவிலும் ஊராட்சிக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது ஆலோசனை சொல்லும் குழு.

நகராட்சி எல்லையிலும் வளரும் ஊர்களிலும் மனைப்பிரிவு போடும்போது, சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரும் விதியும் இருக்கிறது. சிறிய பிரிவுகளுக்கு விலக்கும், பணமாகக் கட்டும் வழியும் உண்டு. மலையில் அந்த 10 சதவீதம் நிற்கவே முடியாத சரிவில் காட்டப்பட்டிருக்கிறதா என்று வரைபடத்தோடு நேரில் போய்ப் பார்க்காமல் பத்திரத்தை வாங்கக் கூடாது.

பணம் எங்கிருந்து

நிதிக்குழு மானியம்தான் பெரிய ஊற்றுக்கண். 2021-26 காலத்தில் 15-வது நிதிக்குழு ஊரக மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்று கட்டி வைத்தது. மீதி 40 சதவீதம் சம்பளம், அலுவலகச் செலவு தவிர ஊரின் தேவைக்கு. ஊற்றைச் சுற்றிக் கல் கட்டுவதும் தண்ணீர் இறங்கும் சரிவைப் பேணுவதும் குடிநீர்ப் பணி என்று மதிப்பீட்டிலேயே எழுதினால் முதல் பங்கில் கேட்கலாம். அழகுபடுத்தல் என்று எழுதினால் தணிக்கையில் மாட்டும். 2026-27 முதல் 16-வது நிதிக்குழுவின் காலம் என்பதால் புதிய விகிதத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுக்கொண்டு மதிப்பீடு போட வேண்டும்.

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பகுதி. தோட்ட உரிமையாளர்களும் விடுதிக்காரர்களும் இந்தப் பங்கைக் கட்டலாம். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் அதே சரிவிலிருந்துதான் இறங்குகிறது.

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று உள்ளூர்ப் பல்லுயிர் நிதியும் உண்டு. வணிகத்துக்காக மூலிகை முதலியவற்றை எடுத்துச் செல்பவர்களிடம் குழு கட்டணம் விதித்து அதில் சேர்க்கலாம். எத்தனை ஊராட்சிகளில் இந்தக் குழு பெயர்ப்பலகையைத் தாண்டி வேலை செய்கிறது என்று அந்தந்த ஊரார் கேட்க வேண்டும்.

ஒரு முறை கிடைக்கும் பணத்தை ஒரே மூச்சில் செலவழிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. சீகையை வெட்டினால் வேலை முடிவதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் அடுத்த மழையிலேயே நாற்றங்கால் விட்டதுபோலக் கன்றுகள் நெருக்கமாகக் கிளம்பும். விரல் தடிமனாவதற்குள் கையால் பிடுங்கினால் வேரோடு வரும். விட்டுவிட்டால் மறுபடியும் கோடரிக்கும் ஆளுக்கும் அதே செலவு. ஆகவே மதிப்பீட்டில் ஆண்டுதோறும் பிடுங்கும் கூலிக்கு ஐந்தாண்டுகளுக்காவது ஒதுக்கீடு வேண்டும். வெட்டுவதற்கும் அனுமதி தேவை. 1955-ஆம் ஆண்டு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே செல்லுபடியாகும். அந்நிய மரம் என்ற காரணத்தால் ஊராட்சி தன் விருப்பத்துக்குக் கோடரி வைக்க முடியாது. விற்கும் மரத்தின் பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், பின்னால் சண்டை வராமல் இருக்க.

இரண்டு ஊராட்சிகள் சேரும்போது

ஊற்று மேலூரில், குழாய் கீழூரில் என்பது மலையில் வழக்கமான நிலை. மேலூர் தன் பணத்தில் சரிவைக் காத்து, கீழூர் சும்மா தண்ணீர் குடிப்பது நெடுநாள் நடக்காது. பொதுப் பொறுப்புக்காக ஓர் உள்ளாட்சி மற்றோர் உள்ளாட்சியோடு கூட்டுக் குழு அமைக்க ஊராட்சிகள் சட்டம் இடம் தருகிறது. கொடைக்கானல் நகராட்சியோடும் அமைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் சுற்றுலாவால் வரும் வருமானத்தில் பெரும்பகுதி நகரத்தில் சேர்கிறது, வண்டிகளும் குப்பையும் சுற்றியுள்ள கிராமங்கள் வரை போகின்றன. நகராட்சி தன் பங்கைத் தர வேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது. நகர, கிராமத் திட்டங்களை ஒன்றிணைக்கவே அரசியல் சட்டத்தில் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கை வைக்கலாம்.

கூட்டுக் குழுத் தீர்மானம் இரு ஊர்களிலும் ஒரே வாசகத்தில் இருக்க வேண்டும். புல எண், பரப்பு, நான்கு எல்லை. செலவைக் குடிநீர் இணைப்புகளின் எண்ணிக்கைப்படி பங்கிடுவதா, மக்கள்தொகைப்படியா. தனி வங்கிக் கணக்கு, கையெழுத்திடும் இருவர். காவலுக்கும் களையெடுப்புக்கும் உள்ளூர் ஆட்கள், முன்னுரிமை யாருக்கு. மேய்ச்சலும் தேன் எடுப்பும் எந்த மாதங்களில் அனுமதி. இவை இல்லாமல் 'பாதுகாக்க ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அந்தத் தாளுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் சபை கலைவதில்லை; வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டருக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், பாரம்பரியத் தலம் கேட்பதானால் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும்.