ரெட்கான்: முன்கதைத் திருத்தம்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படிப்பவர்களிடையே அன்றாடம் புழங்கும் 'ரெட்கான்' என்ற சொல், ஏற்கெனவே அச்சாகி வாசகர் படித்து முடித்துவிட்ட ஒரு நிகழ்ச்சியைப் பின்னால் வரும் கதை ஒன்று 'அன்று நடந்தது வேறு' என்று மாற்றிச் சொல்வதைக் குறிக்கும். கதையில் எதிர்பாராத திருப்பம் வருவதெல்லாம் ரெட்கான் ஆகிவிடாது. கணவனும் மனைவியும் மணமுறிவு பெற்றார்கள் என்றால் அது திருப்பம். இருபது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்றால் அது ரெட்கான்.

'ரெட்ரோஆக்டிவ் கன்டின்யூயிட்டி' என்ற தொடரின் சுருக்கம் இது. ரெட்ரோஆக்டிவ் என்பது நமக்கு அந்நியமான கருத்து அன்று. அகவிலைப்படி உயர்வு அறிவிப்புகளில் 'முன்தேதியிட்டு' என்று வருகிறதே, அதே பொருள்தான். கன்டின்யூயிட்டி என்பது ஒரு கதையுலகில் இதுவரை நடந்தவற்றின் கோவை. 1973-இல் வெளிவந்த ஓர் இறையியல் நூலில் இத்தொடர் ஆளப்பட்டுள்ளது. காமிக்ஸ் உலகில் அதைப் பரப்பியது 1983-இல் டிசி நிறுவனத்தின் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' இதழின் வாசகர் கடிதப் பகுதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கதைகளின் இடைவெளிகளில் புதிய நிகழ்ச்சிகளைப் பொருத்திவந்த அதன் எழுத்தாளர் ராய் தாமஸ், தம் வேலையைச் சொல்லவே இத்தொடரைக் கையாண்டார். அதாவது, இன்று வசவாக ஒலிக்கும் இச்சொல் தொடக்கத்தில் ஒரு கைத்திறனின் பெயராகத்தான் இருந்தது.

இச்சொல் வசவாக மாறியதற்குக் காதல் கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். சூப்பர்மேனும் லோயிஸ் லேனும் 1938-இல் ஒரே இதழில் அறிமுகமானவர்கள். காமிக்ஸில் அவர்களுக்கு மணமானது 1996-இல். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நீண்ட அந்தக் காதலை இழுத்தடித்தது எழுத்தாளரின் சோம்பல் அன்று. பாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம், எழுத்தாளர்கள் வந்து போகிறவர்கள், நாயகனுக்கு வயது ஏறக்கூடாது, ஆனால் அவன் வளர்வதாகவும் வாசகருக்குத் தோன்ற வேண்டும். ஒரு பாத்திரத்தின் புதிய ஆற்றலையோ புதிய உடையையோ அடுத்து வரும் எழுத்தாளர் சத்தமில்லாமல் கைவிட்டுவிடலாம். மனைவியை அப்படிக் கைவிட முடியாது. நாயகன் வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கட்டத்திலும் அவள் இருந்தாக வேண்டும்.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில், முதுகில் செலோடேப் ஒட்டிய நிலையில் நான் வாங்கிய 1987-ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் ஆண்டு மலர் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரும் அவன் காதலி மேரி ஜேனும் மணக்கோலத்தில் நிற்கும் அட்டை. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ரசிகர்கள் முன்னிலையில், நடிகர்களை வைத்து இந்தத் திருமணத்தை, ஸ்பைடர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே நடத்திவைத்தார். அந்த மலரைப் படித்த என் அக்காள் மகன், பிறகு வந்த இதழ்கள் சிலவற்றையும் புரட்டிவிட்டு, "மாமா, இவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா, ஆகலையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

2007-இல் வந்த ஸ்பைடர்மேன் கதையில், குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும் பீட்டரின் அத்தை மேயைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்ற சாத்தான் கேட்கும் விலை அந்தத் திருமணம். பணமோ உயிரோ கேட்காமல் தாலியைக் கேட்கும் சாத்தானை நான் வேறெங்கும் கண்டதில்லை. பேரம் முடிந்ததும் திருமணம் நடக்கவே இல்லை என்றாகிறது. ஆனால் இடைப்பட்ட இருபது ஆண்டுக் கதைகள் செல்லும், இருவரும் மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கொள்ள வேண்டும். 2010-இல் அதற்கு விளக்கம் தந்த கதை இன்னும் வினோதமானது. 1987 மலரின் பழைய பக்கங்களையே மறுபடி அச்சிட்டு, அவற்றுக்கு நடுவே புதிதாக வரைந்த பக்கங்களைச் சேர்த்து, மாப்பிள்ளை அடிபட்டு மயங்கியதால் முகூர்த்தத்தைத் தவறவிட்டதாகக் காட்டினார்கள். என் மலரில் நடந்த கல்யாணம், அதே பக்கங்களைக் கொண்ட இன்னொரு இதழில் நின்றுபோயிருக்கிறது.

ஒரு திருத்தம் இன்னொன்றை இழுத்துவருவதும் உண்டு. எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் கதையில் 1980-இல் இறந்த ஜீன் கிரே, அன்று இறந்தவள் அவளே அல்ல என்ற விளக்கத்தோடு 1986-இல் திரும்பிவந்தாள். இதற்கிடையில் அவள் காதலன் ஸ்காட், அவளைப் போலவே இருந்த மேடலின் பிரையரை மணந்து குழந்தையும் பெற்றிருந்தான். மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பழைய காதலியிடம் ஓடிய நாயகனின் பெயர் கெட்டது. ஆகவே மேடலின், ஜீனின் நகலாக ஒரு வில்லன் உருவாக்கியவள் என்று பின்னர் எழுதப்பட்டது. குற்றம் செய்தவன் ஸ்காட், முன்கதை மாறியது மேடலினுக்கு.

தமிழில் ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்றும், முத்து காமிக்ஸ் வாசகர்கள் வேதாளர் என்றும் அறிந்த ஃபேண்டம் இந்தச் சிக்கலுக்குள் விழவில்லை. 1936-இல் அவரைப் படைத்த லீ ஃபாக்கே 1977-இல் அவருக்குக் காதலி டயானாவை மணம் முடித்துவைத்தார். இரட்டைக் குழந்தைகளும் பிறந்தன. தந்தைக்குப் பின் மகன் முகமூடி அணியும் பரம்பரைக் கதை அது என்பதால், அங்கே திருமணம் கதைக்குத் தடையாக இராமல் கதையின் தேவையாகவே இருந்தது.

இனி, தமிழ்ச் சொல். 'பின்னோக்குத் தொடர்ச்சி' என்று சிலர் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் திருத்தம் என்ற கருத்தே இல்லை. 'இடைச்செருகல்' அருகே வருகிறது. மேற்சொன்ன 2010 இதழுக்கு அது கச்சிதமாகவும் பொருந்தும். எனினும் பிறர் பாடலைப் புகுத்துவதையே அச்சொல் குறித்து வந்திருக்கிறது. ரெட்கானைச் செய்வதோ உரிமையாளரே. வில்லை முறிக்கும் முன்பே இராமனும் சீதையும் மிதிலையில் ஒருவரையொருவர் கண்டதாகக் கம்பர் பாடியதும் ரெட்கான் அன்று. வால்மீகியின் காவியம் அப்படியே நிற்க, பக்கத்தில் எழுந்த மறுஆக்கம் அது. 2011-இல் டிசி தன் உலகத்தையே புதிதாகத் தொடங்கியபோது சூப்பர்மேனின் திருமணமும் காணாமற்போனது. அதை 'மறுதொடக்கம்' என்பதே பொருத்தம். தொலைக்காட்சித் தொடர்களின் 'இவருக்குப் பதில் இவர்' ஆளை மாற்றுகிறதே தவிர நடந்ததை மாற்றுவதில்லை. சென்னைப் பேச்சில் 'பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டான்' என்பது குணத்தளவில் மிக நெருக்கமானது, ஆனால் கட்டுரைக்கு ஆகாது.

வார இதழ்த் தொடர்கதையின் தலையில் 'முன்கதைச் சுருக்கம்' படித்துப் பழகிய நமக்கு 'முன்கதைத் திருத்தம்' என்றால் விளக்கவுரை தேவைப்படாது. முன்கதை என்பது கதையுலகில் நடந்து முடிந்தது. திருத்தம் என்பதில் நல்ல திருத்தமும் அடங்கும், கெட்டதும் அடங்கும். வினையாகவும் எளிதில் வருகிறது: '2007-இல் பீட்டரின் முன்கதையைத் திருத்தினார்கள்', 'மேடலினின் முன்கதை திருத்தப்பட்டது'. அக்காள் மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கல்யாணம் ஆச்சு, அப்புறம் திருத்திட்டாங்க" என்றான்.