புத்தி தடுமாறுகிறவருக்கு எதற்குப் பேதி மருந்து?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. போன மாதம் திடீரென்று இரவெல்லாம் விழித்திருந்து பகலெல்லாம் தூங்கினாராம். மகளைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். பதறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இனிப்பு சிரப்பைக் கொடுத்தார்கள். நர்ஸ் வேறு வேளா வேளைக்கு வந்து “மோஷன் எத்தனை தடவை போனார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “தலையில் கோளாறு, மருந்து வயிற்றுக்கா?” என்கிறார்.

இந்தக் கேள்வியை, கொஞ்சம் குரலை உயர்த்தியே, என் பெரியப்பாவின் கட்டிலருகே நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

சுருக்கமான பதில் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. குடல் பாக்டீரியாக்களும் தம் பங்குக்கு நிறையவே தயாரிக்கின்றன. அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றிவிடும். கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவதுதான். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் வேலை குறைவது ஒரு பக்கம். உள்ளே நுழைய முடியாத ரத்தம் சந்து பொந்து வழியாகப் புகுந்து நேராக இதயத்துக்குப் போய்விடுவது இன்னொரு பக்கம். அம்மோனியாவும் அதோடு சேர்ந்து மூளைக்குப் போகிறது. 1893-இல் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் நாய்களுக்குப் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் விடாமல் இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையோடு இணைத்துப் பார்த்தார்கள். அந்த நாய்கள் இறைச்சி தின்றால் தள்ளாடின, வலிப்பு கண்டன. மணியடித்து எச்சில் ஊற வைத்தாரே, அதே பாவ்லோவ்தான்.

மூளைக்குள் நட்சத்திர வடிவச் செல்கள் இந்த அம்மோனியாவைப் பிடித்து குளூட்டமினாக மாற்றுகின்றன. அந்த குளூட்டமின் தண்ணீரை இழுக்க, செல்கள் வீங்குகின்றன. தூக்கம் தலைகீழாவது, பேச்சு குழறுவது, கடைசியில் நினைவே தப்புவது எல்லாவற்றுக்கும் இது ஒரு பெரிய காரணம்.

சரி, சிரப்புக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அதன் பெயர் லாக்டுலோஸ். பாலைக் காய்ச்சும்போது அதிலுள்ள லாக்டோஸில் ஒரு சிறு பகுதி உருமாறி உண்டாகும் சர்க்கரை இது. அதை உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் இல்லை. அதனால் குடித்த சிரப் ஏறக்குறைய அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. தின்று தீர்த்து லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் என்று வெளியிடும். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கிப் புளித்திருக்கிறதே, அதே வேலைதான். மருந்து குடித்தவருக்கு வயிறு உப்பி காற்றுப் பிரிவதும் அதனால்தான்.

புளித்தால் என்ன ஆகும்? அம்மோனியா மூலக்கூறுக்கு மின்னூட்டம் கிடையாது. கொழுப்பாலான செல்சவ்வை அது சுலபமாகத் தாண்டிவிடும். அமிலம் இருக்கும் இடத்தில் அது ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு அம்மோனியமாக மாறிவிடுகிறது. மின்னூட்டம் வந்துவிட்டது அல்லவா, இனி சவ்வைத் தாண்டுவது கடினம். கணக்கைப் பாருங்கள். புளிப்பு ஏற ஏறக் குறைகிற அளவுதான் பி.எச். அது 7 என்றால் நூறு மூலக்கூறில் ஏறக்குறைய ஒன்று தப்பியோடும் அம்மோனியாவாக இருக்கும். பி.எச். 5-க்கு இறங்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. இதைவிட அழகு, ரத்தத்தில் இருக்கும் அம்மோனியாவும் பெருங்குடலுக்குள் கசிந்து வந்து மாட்டிக்கொள்ளும். எலிப்பொறி மாதிரி: உள்ளே வர வழி உண்டு, திரும்பிப் போக வழியில்லை. பிறகு சிரப்பே தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கி, பொறியை எலியோடு வெளியே தள்ளிவிடுகிறது.

1966-இல் இந்த நோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார்கள். இன்றைக்கும் முதல் மருந்து இதுதான். காப்புரிமை காலாவதியான மலிவுச் சரக்கு என்பதால் இதை இன்னும் நன்றாகக் கொடுப்பது எப்படி என்று ஆராயப் பணம் போட யாரும் வரிசையில் நிற்பதில்லை என்பது என் ஆதங்கம். கம்பெனிக்கு லாபமில்லாத கேள்விக்கு அரசுதான் செலவழிக்க வேண்டும்.

நர்ஸ் எண்ணிக்கை கேட்டதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மருந்தின் அளவு பாட்டிலில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். போகவில்லையென்றால் பொறி வேலை செய்யவில்லை. ஆறு ஏழு தடவை தண்ணீராகப் போனால் உடல் வற்றி, பொட்டாசியம் குறைந்து, சிறுநீரகமே கூடுதலாக அம்மோனியா தயாரிக்கத் தொடங்கி, குழப்பம் முற்றிவிடும். விழுங்க முடியாதவருக்கு இதையே எனிமாவாகக் கொடுப்பார்கள். ஆனால் சோப்புத் தண்ணீர் எனிமா இவருக்கு ஆகாது. சோப்பு அமிலத்துக்கு எதிரான காரப்பொருள், புளிப்பை முறித்துப் பொறியின் கதவைத் திறந்துவிடும்.

ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. அந்த எண்ணும் நோயாளியின் நிலையும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதனால் கட்டிலருகே நிற்பவரின் கண்தான் முக்கியம். பெரியப்பாவின் வார்டு சிஸ்டர் காலையில் வந்ததும், “ஐயா, பஸ்ஸை நிறுத்துங்க பார்ப்போம்” என்பார். பெரியப்பா இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, விரல்களை விரிப்பார். ஓரிரு விநாடியில் கை பொத்தென்று தொங்கி, உடனே நிமிரும். மறுபடி தொங்கும். பார்ப்பதற்கு நடுக்கம் போல இருந்தாலும் நடுக்கம் இல்லை. தசைக்குப் போகும் கட்டளை கண்ணிமைக்கும் நேரம் அறுந்து அறுந்து வருகிறது. ஆடம்ஸ், ஃபோலி என்ற நரம்பியல் மருத்துவர்கள் 1949-இல் இதை விவரித்தார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா உளறத் தொடங்கிய முதல் நாள் வேப்பிலை அடித்துத் திருநீறு பூசினார்கள். இரண்டாம் நாள் நான், படித்தவன், வீட்டில் கிடந்த தூக்க மாத்திரையைக் கொடுத்தேன். வேப்பிலையால் வீணானது ஒரு நாள். என் மாத்திரையோ அவரை மயக்கத்துக்கே தள்ளியது. இந்த நோயில் தூக்க மாத்திரை விஷத்துக்குச் சமம். மூன்று நாளாக அவருக்கு மலம் போகவில்லை என்பதை யாருமே கவனிக்கவில்லை.

அப்புறம் பத்தியம். முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். முன்பு மருத்துவர்களே அப்படித்தான் சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை. தசையும் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் இடம்தான். புரதத்தை நிறுத்தினால் தசை கரையும். இறுகிய கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு. ஒரு ராத்திரி பட்டினி அவர்களுக்கு நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி மாதிரி. அதனால்தான் சிஸ்டர் படுக்கும்முன் ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வரச் சொன்னார். தினமும் காலையில் பெரியப்பா அதில் தன் ஊர்ப் பெயரை எழுத வேண்டும். தபால் ஆபீஸில் முப்பது வருடம் முகவரி பார்த்தவர், முதல் நாள் ‘சோழவந்தான்’ என்று எழுதப்போய் ஒரு கோணல் கோட்டில் நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள் ‘சோ’ வந்தது. நான்காம் நாள் முழுப் பெயரும், கேட்காமலேயே பின்கோடும். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிஸ்டர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, “நேத்து எத்தனை தடவை போனார்?” என்றார். ஆறு என்றேன். “டாக்டர்கிட்ட சொல்லி ஒரு வேளையைக் குறைச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.